2-க்கு 1 என்றால் 2 கிராமுக்கு 1 கிராம் இல்லையா? மோல் கணக்கில் மாட்டிக்கொண்டிருக்கிறேன்

வினாக்குறி:

வேதியியல் படிக்கத் தொடங்கி மூன்று மாதம் ஆகிறது. சமன்பாட்டைச் சமன்படுத்த வருகிறது, அணு நிறை அட்டவணை பார்க்கத் தெரியும், மோல் என்றால் நிறையை மோலார் நிறையால் வகுப்பது என்பதும் மனப்பாடம். ஆனால் கணக்கு என்று உட்கார்ந்தால் விடை தப்பாகவே வருகிறது. நேற்று போட்டது இது: 6.08 கிராம் மெக்னீசிய நாடாவை முழுவதும் எரிக்க எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும், எவ்வளவு மெக்னீசியம் ஆக்சைடு கிடைக்கும்?

2 மெக்னீசியம் + 1 ஆக்சிஜன் → 2 மெக்னீசியம் ஆக்சைடு

இரண்டுக்கு ஒன்று என்பதால் ஆக்சிஜன் பாதி, 3.04 கிராம். ஆக்சைடு இரண்டுக்கு இரண்டு, அதனால் 6.08 கிராம். புத்தகத்தின் பின்பக்க விடையோ 4.00 கிராம், 10.08 கிராம் என்கிறது. என் விடையை நானே கூட்டிப் பார்த்தேன். 6.08-ம் 3.04-ம் உள்ளே போய் 6.08 மட்டும் வெளியே வருகிறது. மூன்று கிராம் எங்கே போனது என்று எனக்கே புரியவில்லை. "எல்லாவற்றையும் மோலுக்கு மாற்று" என்று உடன் படிப்பவர் சொன்னார். மாற்றினால் விடை வருகிறது, ஏன் வருகிறது என்றுதான் தெரியவில்லை. யாராவது பொறுமையாகச் சொல்ல முடியுமா?

பழைய தராசு:

நீங்கள் கூட்டிப் பார்த்தீர்களே, அதுவே பாதி வேலை. பலர் அதைச் செய்வதே இல்லை. மூன்று கிராம் காணாமல் போகிறது என்றால் வழியில் எங்கோ தவறு இருக்கிறது. அந்தச் சந்தேகம் வந்தவருக்கு மிச்சத்தைச் சொல்வது எளிது.

வேதியியலை விட்டுவிட்டு ஒரு போல்ட்டையும் இரண்டு நட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு போல்ட்டில் இரண்டு நட்டு மாட்டினால் ஒரு தொகுப்பு. போல்ட் ஒன்று 50 கிராம், நட்டு ஒன்று 10 கிராம் என்று வைத்துக்கொள்வோம். உங்களிடம் 500 கிராம் போல்ட் இருக்கிறது, எத்தனை கிராம் நட்டு வேண்டும்? "ஒன்றுக்கு இரண்டு, அதனால் 1000 கிராம்" என்று யாரும் சொல்ல மாட்டோம். 500 கிராம் என்றால் 10 போல்ட், 10 போல்ட்டுக்கு 20 நட்டு, 20 நட்டு 200 கிராம். இதைச் செய்யும்போது நம்மை அறியாமலேயே எடையிலிருந்து எண்ணிக்கைக்குப் போய், அங்கே விகிதத்தைப் போட்டு, மறுபடி எடைக்குத் திரும்பி வருகிறோம்.

சமன்பாட்டில் முன்னால் நிற்கும் 2, 1, 2 என்ற கெழுக்கள் சொல்வது எண்ணிக்கையை. இரண்டு மெக்னீசியம் அணுவுக்கு ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு, அவ்வளவுதான். எடையைப் பற்றி அவை வாயே திறப்பதில்லை. மெக்னீசியம் அணு ஒன்றின் எடை வேறு, ஆக்சிஜன் மூலக்கூறு ஒன்றின் எடை வேறு. நீங்கள் கெழுவை எடுத்து நேரே கிராமுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டீர்கள். உங்கள் தவறு அந்த ஓர் இடத்தில்தான், மற்றபடி கணக்கில் குறை இல்லை.

அணுக்களை நட்டு போல எண்ண முடியாது, அதனால் மூட்டை கட்டி எண்ணுகிறோம். ஒரு மூட்டையில் 6.02214076 × 10²³ துகள்கள். அதுதான் மோல். 2019 வரை "12 கிராம் கார்பன்-12-இல் எத்தனை அணுக்களோ அத்தனை" என்பதுதான் மோலின் வரையறை. 2019 மே 20 முதல் அந்த எண்ணையே நேரடியாக வரையறையாக வைத்துவிட்டார்கள். நம் கணக்குக்கு இரண்டும் ஒன்றுதான்.

இப்போது உங்கள் கணக்கு. மெக்னீசியத்தின் மோலார் நிறை, அதாவது ஒரு மோலின் எடை, 24.31 கிராம். 6.08-ஐ அதனால் வகுத்தால் 0.250 மோல் மெக்னீசியம். இரண்டு மெக்னீசியத்துக்கு ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு, ஆக 0.125 மோல் ஆக்சிஜன் மூலக்கூறு. இரண்டு அணு சேர்ந்த அந்த மூலக்கூறு மோலுக்கு 32.00 கிராம், எனவே 4.00 கிராம். ஆக்சைடு 0.250 மோல், மோலுக்கு 40.30 கிராம், எனவே 10.08 கிராம். கூட்டிப் பாருங்கள்: 6.08 + 4.00 = 10.08. உங்கள் மூன்று கிராமும் இப்போது வெளியே வந்துவிட்டது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இதில் நான் விடாப்பிடியாக இருப்பவன். எந்த எண்ணை எழுதினாலும் அலகோடு பொருளின் பெயரையும் எழுதுங்கள். "0.125 மோல்" என்று மட்டும் எழுதிவிட்டுப் போனால், அடுத்த வரியில் அதை 16-ஆல் பெருக்குவதா 32-ஆல் பெருக்குவதா என்ற இடத்தில் கை தடுமாறும். "0.125 மோல் ஆக்சிஜன் மூலக்கூறு" என்று எழுதியிருந்தால் கேள்வியே எழாது. நான் திருத்திய விடைத்தாள்களில் பெருக்கல் வகுத்தல் தெரியாமல் மதிப்பெண் போனதைவிட, எதன் கிராம், எதன் மோல் என்று எழுதாமல் விட்டதால் போனதுதான் அதிகம்.

குறுக்குப்பெருக்கல்:

மேலே சொன்னது சரிதான், ஆனால் இவ்வளவு சுற்று வேண்டுமா என்று கேட்கிறேன். எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது வேறு வழி. சமன்பாட்டின் கீழேயே எடைகளை எழுதிவிடுவோம். 2 × 24.31 = 48.62 கிராம் மெக்னீசியம், அதற்கு 32.00 கிராம் ஆக்சிஜன், கிடைப்பது 80.62 கிராம் ஆக்சைடு. அப்புறம் 48.62-க்கு 32.00 என்றால் 6.08-க்கு எவ்வளவு? 6.08 × 32.00 ÷ 48.62 = 4.00. ஒரே வரியில் முடிந்தது. மோல் என்ற சொல்லே வரவில்லை. நான் படித்த காலம் முழுக்க இப்படித்தான் போட்டேன், ஒரு தடவையும் காலை வாரவில்லை.

பழைய தராசு:

அந்த வழியில் தவறே இல்லை. நீங்கள் 2 × 24.31 என்று எழுதும்போதே மோலைப் போட்டுவிட்டீர்கள், பெயர் சொல்லவில்லை, அவ்வளவுதான். கிராமில் கொடுத்து கிராமில் கேட்கும் கணக்குக்கு அது வேகமான வழி, நானும் அவசரத்தில் அதைத்தான் போடுவேன்.

ஆனால் கேட்டவர் இப்போதுதான் தொடங்குகிறார். நாளைக்கு ஒரு பொருளைக் கிராமிலும், இன்னொன்றைக் கரைசலாக மில்லிலிட்டரிலும், மூன்றாவதை வாயுவாக லிட்டரிலும் கொடுப்பார்கள். அப்போது சமன்பாட்டின் கீழே எதை எழுதுவது? மூன்றுக்கும் பொதுவான இடம் மோல் ஒன்றுதான். எங்கிருந்து வந்தாலும் அங்கே வந்து, விகிதத்தைப் போட்டு, வேண்டிய பக்கம் இறங்கலாம். அதோடு, இரண்டு பொருளின் அளவையும் கொடுத்து எது முதலில் தீரும் என்று கேட்டால் குறுக்குப் பெருக்கலை இரண்டு தடவை போட்டு ஒப்பிட வேண்டியிருக்கும். முடியும்தான், ஆனால் தொடக்கத்தில் எந்தப் பக்கத்தை எதனோடு ஒப்பிடுகிறோம் என்பதே குழம்பிவிடும்.

குறுக்குப்பெருக்கல்:

வாயுக் கணக்கு வந்தபோது நான் ஒரு மோல் வாயுவுக்கு 22.4 லிட்டர் என்று எழுதி ஒப்பேற்றியது உண்மைதான். கரைசலுக்கு வேறு சூத்திரம் தனியாகப் படித்தேன். மூன்றும் ஒன்றே என்பது அப்போது தெரிந்திருந்தால் சுமை குறைந்திருக்கும். சரி, ஒப்புக்கொள்கிறேன், தொடங்குபவருக்கு மோல் வழி.

வினாக்குறி:

போல்ட் நட்டு உதாரணம் மண்டையில் நன்றாக ஏறிவிட்டது, மிக்க நன்றி. அதே முறையில் ஐந்து கணக்கு போட்டேன், ஐந்தும் சரி. ஆறாவதில் மறுபடி நின்றுவிட்டேன்.

28 கிராம் நைட்ரஜனும் 10 கிராம் ஹைட்ரஜனும் இருக்கிறது. எவ்வளவு அம்மோனியா கிடைக்கும்? சமன்பாடு: 1 நைட்ரஜன் + 3 ஹைட்ரஜன் → 2 அம்மோனியா. எது குறைவாக இருக்கிறதோ அது முதலில் தீரும் என்றார்கள். 10 கிராம் ஹைட்ரஜன்தானே குறைவு? அதை வைத்துப் போட்டால் 56.7 கிராம் அம்மோனியா வருகிறது, மொத்தமாக உள்ளே போனதே 38 கிராம்தான். இந்த முறை கூட்டிப் பார்த்ததால் தப்பு என்று உடனே தெரிந்துவிட்டது, காரணம்தான் தெரியவில்லை.

இன்னொரு சின்னச் சந்தேகமும் உண்டு. இடப்பக்கம் 1 + 3 = 4 மோல், வலப்பக்கம் 2 மோல். நிறை மாறாது என்கிறார்கள், மோல் மட்டும் பாதியாகிவிடுகிறதே?

நீலப்படிகம்:

இரண்டாவது கேள்வியிலிருந்து வருகிறேன். வேதிவினையில் மாறாமல் இருப்பது அணுக்கள். மூலக்கூறுகளின் எண்ணிக்கை மாறலாம். இடப்பக்கம் நைட்ரஜன் அணு 2, ஹைட்ரஜன் அணு 6. வலப்பக்கம் இரண்டு அம்மோனியாவில் நைட்ரஜன் 2, ஹைட்ரஜன் 6. எட்டு அணுவும் அப்படியே இருக்கின்றன, நான்கு கூட்டமாக நின்றவை இரண்டு கூட்டமாகச் சேர்ந்துவிட்டன. அணுக்கள் மாறாததால் நிறையும் மாறாது. மூலக்கூறு மோல் எப்படி வேண்டுமானாலும் மாறும், அது பிழையில்லை. 1 + 3 என்று இரண்டு வேறு பொருள்களின் மோலைக் கூட்டுவதால் இங்கே ஒன்றும் கிடைப்பதில்லை, நிறைகளை மட்டும் கூட்டிச் சரிபாருங்கள்.

இனி முதல் கேள்வி. "குறைவு" என்ற சொல்தான் ஏமாற்றுகிறது. கிராமில் குறைவானது முதலில் தீரும் என்று எந்த விதியும் இல்லை. 28 கிராம் நைட்ரஜன் 1 மோல். 10 கிராம் ஹைட்ரஜன், மோலுக்கு 2 கிராம் என்பதால், 5 மோல். ஒரு மோல் நைட்ரஜனுக்கு மூன்று மோல் ஹைட்ரஜன் போதும், உங்களிடம் ஐந்து இருக்கிறது. ஆகவே நைட்ரஜன்தான் முதலில் தீர்கிறது. பாடநூலில் இதைத்தான் வினைக்கட்டுப்பாட்டுக் காரணி என்று எழுதியிருப்பார்கள், பெயர் கேட்டு மிரள வேண்டாம்.

நான் எப்போதும் சமன்பாட்டின் கீழே மூன்று வரி எழுதுவேன், முன், மாற்றம், பின் என்று. எல்லாமே மோலில்:

முன்: நைட்ரஜன் 1, ஹைட்ரஜன் 5, அம்மோனியா 0
மாற்றம்: நைட்ரஜன் −1, ஹைட்ரஜன் −3, அம்மோனியா +2
பின்: நைட்ரஜன் 0, ஹைட்ரஜன் 2, அம்மோனியா 2

கடைசி வரியைக் கிராமாக மாற்றினால் ஹைட்ரஜன் 4 கிராம், அம்மோனியா 34 கிராம். கூட்டினால் 38. எது தீர்ந்தது, எது மிஞ்சியது, எவ்வளவு கிடைத்தது மூன்றும் ஒரே இடத்தில் தெரிகிறது. மாற்றம் என்ற வரியில் மட்டும்தான் கெழுக்கள் வேலை செய்யும், முன் வரியில் கையில் இருப்பதை அப்படியே எழுத வேண்டும். பலரும் முன் வரியிலேயே 1, 3 என்று கெழுவை எழுதிவிடுகிறார்கள், அங்கேயே கணக்கு கெட்டுவிடுகிறது.

சரி, மோல் குறைவாக இருப்பதுதான் தீருமோ என்று அடுத்து கேட்பீர்கள். அதுவும் இல்லை. 2 மோல் நைட்ரஜன், 5 மோல் ஹைட்ரஜன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹைட்ரஜன்தான் அதிகம். ஆனால் 2 மோல் நைட்ரஜனுக்கு 6 மோல் ஹைட்ரஜன் வேண்டும், ஐந்துதான் உண்டு, அதனால் ஹைட்ரஜன் தீர்கிறது. ஒவ்வொரு பொருளின் மோலையும் அதனதன் கெழுவால் வகுங்கள்: நைட்ரஜன் 2 ÷ 1 = 2, ஹைட்ரஜன் 5 ÷ 3 = 1.67. சிறிய எண் யாருக்கோ அவர்தான் முதலில் தீர்பவர். வினை எத்தனை தடவை நடக்க முடியும் என்பதுதான் அந்த எண்.

பியூரெட்:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். அம்மோனியா கணக்கில் 34 கிராம் என்பது தாளில் கிடைப்பது. உண்மையில் அந்த வினை மீள்வினை, அதாவது இரு திசையிலும் நடப்பது, நடுவழியில் சமநிலைக்கு வந்து நின்றுவிடும். தொழிற்சாலையிலும் ஒரு சுற்றில் சிறு பங்குதான் அம்மோனியாவாகிறது. அதைக் குளிர்வித்துத் திரவமாகப் பிரித்துவிட்டு, வினைபுரியாத வாயுக்களை மறுபடி உள்ளே அனுப்புகிறார்கள். கேட்டவருக்கு இது இப்போது தேவையில்லாமல் இருக்கலாம், ஆனால் சமன்பாடு எழுதிவிட்டால் வினை முழுதும் நடந்துவிடும் என்ற எண்ணம் மனதில் ஊன்றிவிடக் கூடாது.

நீலப்படிகம்:

சரியான திருத்தம். தாளில் வருவது அதிகபட்சமாகக் கிடைக்கக்கூடிய அளவு, கொள்கையளவு விளைச்சல். கையில் கிடைத்ததை அதனால் வகுத்து நூறால் பெருக்கினால் விளைச்சல் சதவீதம்.

வினாக்குறி:

விளைச்சல் நூறைத் தாண்டலாமா? போன வாரம் ஆய்வகத்தில் சமையல் சோடாவைச் சூடாக்கினோம். எனக்கு 107 சதவீதம் வந்தது. பக்கத்து மேசையில் எல்லாருக்கும் தொண்ணூற்றுச் சொச்சம். நான் எழுதியதை அழித்து 97 என்று மாற்றலாமா என்றுகூட ஒரு நொடி தோன்றியது, மாற்றவில்லை.

பழைய தராசு:

மாற்றாமல் விட்டதற்குப் பாராட்டு. அந்த 107-தான் உங்கள் நோட்டிலேயே பயனுள்ள எண். எடைகளைச் சொல்லுங்கள், பார்ப்போம்.

வினாக்குறி:

சமையல் சோடா, அதாவது சோடியம் பைகார்பனேட், 4.20 கிராம் எடுத்தேன். பீங்கான் கிண்ணத்தில் ஐந்து நிமிடம் சூடாக்கினேன். ஆறியபின் மிஞ்சிய வெள்ளைத்தூள் 2.84 கிராம். 2 சோடியம் பைகார்பனேட் → 1 சோடியம் கார்பனேட் + 1 நீர் + 1 கார்பன் டை ஆக்சைடு.

பழைய தராசு:

எண்கள் அழகாக விழுந்திருக்கின்றன. பைகார்பனேட்டின் மோலார் நிறை 84.01, ஆக 4.20 கிராம் என்பது 0.0500 மோல் பைகார்பனேட். அதில் பாதி, 0.0250 மோல் கார்பனேட், மோலுக்கு 105.99 கிராம், எனவே 2.65 கிராம் மிஞ்ச வேண்டும். நீராவியாக 0.45 கிராமும் கார்பன் டை ஆக்சைடாக 1.10 கிராமும் பறந்துபோக வேண்டும், மொத்தம் 1.55 கிராம். உங்கள் கிண்ணத்திலிருந்து போனது 4.20 − 2.84 = 1.36 கிராம்தான். 1.55 போக வேண்டிய இடத்தில் 1.36 போயிருக்கிறது என்றால், தூளில் ஏறத்தாழ 88 சதவீதம்தான் சிதைந்திருக்கிறது. மீதி இன்னும் பைகார்பனேட்டாகவே கிண்ணத்தில் கிடக்கிறது. அதையும் சேர்த்துக் கார்பனேட் என்று எடை போட்டதால் நூறைத் தாண்டியது.

பொருள் எங்கிருந்தோ கூடுதலாக முளைக்கவில்லை, நிறுத்தது தூய கார்பனேட் இல்லை, அவ்வளவுதான். ஈரம் இருந்தாலும் இப்படி வரும். வீழ்படிவை வடிகட்டிச் சரியாக உலர்த்தாமல் நிறுத்தால் 110, 115 என்று எளிதாக ஏறும். இதற்கு மருந்து ஒன்றுதான்: சூடாக்கு, ஆறவிடு, நிறு, மறுபடி சூடாக்கு. அடுத்தடுத்த இரண்டு எடையும் ஒன்றாக வரும்வரை விடாதே. சுடச்சுடத் தராசில் வைக்கவும் கூடாது, கிண்ணத்தைச் சுற்றிச் சூடான காற்று மேலே எழும்பி எடையைக் குறைத்துக் காட்டும்.

வினாக்குறி:

இன்று அனுமதி வாங்கி மறுபடி செய்தேன். புதிதாக 4.20 கிராம் எடுத்து, முதல் தடவை சூடாக்கியதும் 2.81, இரண்டாவது 2.69, மூன்றாவது 2.66, நான்காவதும் 2.66. கிண்ணத்தின் அடியில் கட்டியாக இருந்த தூளைக் கண்ணாடித் தண்டால் உடைத்துவிட்டபின்தான் எடை நன்றாக இறங்கியது, தண்டில் ஒட்டியதையும் தட்டி உள்ளே போட்டேன். 2.66 வரும் என்று தெரிந்தே காத்திருந்தும், இரண்டு முறை அதே எண் தராசில் நின்றபோது வந்த மகிழ்ச்சி தனி.

நீலப்படிகம்:

நல்ல வேலை. பெயரை முழுசாக எழுத வேண்டும் என்று மேலே சொன்னதற்கு என் பங்குக்கு ஒன்று. என் பெயரே அதிலிருந்து வந்ததுதான். முதலாண்டில் 0.100 மோலார் (லிட்டருக்கு 0.100 மோல்) காப்பர் சல்பேட் கரைசல் 250 மில்லிலிட்டர் தயாரிக்கச் சொன்னார்கள். வேண்டியது 0.0250 மோல். காப்பர் சல்பேட்டின் மோலார் நிறையை 159.6 என்று போட்டு, 3.99 கிராம் நிறுத்துக் கரைத்துவிட்டேன். குப்பியில் இருந்ததோ நீலப் படிகம், நம் மயில்துத்தம். ஒவ்வொரு காப்பர் சல்பேட்டோடும் ஐந்து நீர் மூலக்கூறு படிகத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது, அதன் மோலார் நிறை 249.7. நான் 6.24 கிராம் எடுத்திருக்க வேண்டும். எடுத்த 3.99 கிராமில் இருந்தது 0.0160 மோல்தான், கரைசல் 0.064 மோலாராகிவிட்டது. அந்தக் கரைசலை நம்பி இரண்டு நாள் செய்த அளவீடுகள் எல்லாம் ஒரே விகிதத்தில் தள்ளி நின்றன. எங்கே தவறு என்று தேடித் தேடி, கடைசியில் குப்பியின் மேல் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தபோதுதான் தெரிந்தது. நீரற்ற காப்பர் சல்பேட் வெள்ளையாக இருக்கும். நீலம் என்றாலே உள்ளே நீர் இருக்கிறது என்று கண் எனக்குச் சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பிறகு குப்பியில் அச்சிட்டிருக்கும் மோலார் நிறையைப் பார்க்காமல் நான் கணக்கைத் தொடங்குவதில்லை.

குறுக்குப்பெருக்கல்:

மேலே 22.4 என்று எழுதினேன், அதையும் தெளிவாக்கிவிடுங்கள். இப்போது வரும் சில புத்தகங்களில் 22.7 என்று பார்க்கிறேன். எது சரி?

பியூரெட்:

இரண்டும் சரி, நிலை வேறு. 0 டிகிரி செல்சியஸில் அழுத்தம் 1 வளிமண்டலம் என்றால் ஒரு மோல் வாயு 22.4 லிட்டர். திட்ட அழுத்தத்தை 1 பார் என்று ஐயுபிஏசி என்ற பன்னாட்டு வேதியியல் அமைப்பு 1982-இல் மாற்றியது, 1 பார் சற்றே குறைவு என்பதால் வாயு கொஞ்சம் விரிந்து 22.7 லிட்டர். 25 டிகிரியில் 1 வளிமண்டலத்தில் 24.5 லிட்டர். கேள்வியில் வெப்பநிலையும் அழுத்தமும் என்ன என்று பார்த்துவிட்டுத்தான் எண்ணைத் தொட வேண்டும்.

அதைவிடப் பெரிய தவறு, இந்த எண்ணை வாயு அல்லாதவற்றுக்குப் போடுவது. மீத்தேன் எரியும் கணக்கில் "வெளிவரும் நீரின் கனஅளவு" என்று கேட்டால், 2 × 22.4 என்று எழுதி வைப்பவர்கள் உண்டு. திரவ நீர் ஒரு மோல் 18 கிராம், அதாவது ஏறத்தாழ 18 மில்லிலிட்டர். இரண்டு மிடறுகூட இருக்காது. அதை 22 லிட்டர் என்று எழுதும்போது கை தயங்க வேண்டும்.

நான் வந்ததே வேறொன்று சொல்லத்தான். தரம்பார்த்தல் கணக்கில், அதாவது செறிவு தெரிந்த கரைசலைச் சேர்த்து இன்னொன்றின் செறிவைக் காணும் கணக்கில், எம்1வி1 = எம்2வி2 (எம் என்பது மோலார் செறிவு, வி என்பது கனஅளவு) என்று ஒரு சூத்திரத்தை எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு போடுகிறார்கள். 25.0 மில்லிலிட்டர் கந்தக அமிலத்தை 0.100 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடால் நடுநிலையாக்க 30.0 மில்லிலிட்டர் செலவானது. சூத்திரத்தில் போட்டால் அமிலம் 0.120 மோலார் என்று வரும். தப்பு. கந்தக அமில மூலக்கூறு ஒன்று இரண்டு சோடியம் ஹைட்ராக்சைடை நடுநிலையாக்கும். செலவானது 0.00300 மோல் சோடியம் ஹைட்ராக்சைடு, அப்படியென்றால் இருந்தது 0.00150 மோல் அமிலம், அதை 0.0250 லிட்டரால் வகுத்தால் 0.0600 மோலார். சரியாகப் பாதி. அந்தச் சூத்திரம் நீர் ஊற்றி நீர்க்கச் செய்யும் கணக்குக்கு உரியது, அல்லது ஒன்றுக்கு ஒன்று வினைபுரியும் இடத்துக்கு. வேறு இடத்தில் கெழுவைச் சேர்க்காமல் போட்டால் விடை கச்சிதமாகத் தவறும். இங்கேயும் பழைய தராசு சொன்னதுதான்: எதன் மோல் என்று எழுதியிருந்தால் இந்தக் குழியில் விழவே மாட்டோம்.

வினாக்குறி:

இந்தப் பகுதிக்கு ஸ்டாய்க்கியோமெட்ரி என்று ஒரு பெயர் போட்டிருக்கிறார்கள். யார் வைத்த பெயர்? மோல் தெரியாத காலத்தில் இதை எப்படிக் கணக்கிட்டார்கள்?

பழைய தராசு:

ஜெர்மானியரான ரிக்டர் 1792-இல் வைத்த பெயர். கிரேக்கத்தில் தனிமம் என்பதற்கான சொல்லையும் அளவு என்பதற்கான சொல்லையும் சேர்த்தது. அமிலமும் காரமும் ஒன்றையொன்று நடுநிலையாக்க எவ்வளவு எடை வேண்டும் என்று அவர் அளந்து பட்டியல் போட்டார். எடைக்கு எடை, ஏறத்தாழ நம் குறுக்குப்பெருக்கல் நண்பரின் வழிதான்.

எண்ணிக்கைக்குப் போவதில் நெடுங்காலம் சிக்கல் இருந்தது. நீரில் 1 கிராம் ஹைட்ரஜனுக்கு 8 கிராம் ஆக்சிஜன். நீர் மூலக்கூறில் ஹைட்ரஜன் ஒன்று, ஆக்சிஜன் ஒன்று என்று டால்டன் எடுத்துக்கொண்டார். அப்படியானால் ஆக்சிஜன் அணு ஹைட்ரஜனைப்போல் 8 மடங்கு. ஹைட்ரஜன் இரண்டு என்றால் 16 மடங்கு. எடையை மட்டும் வைத்து இரண்டில் எது என்று சொல்லவே முடியாது, ஒரே அளவீட்டுக்கு இரண்டு விடையும் பொருந்தும். சம வெப்பநிலையிலும் சம அழுத்தத்திலும் சம கனஅளவு வாயுக்களில் சம எண்ணிக்கை மூலக்கூறுகள் என்று அவகாட்ரோ 1811-இல் சொன்னது அந்த முடிச்சை அவிழ்த்தது, ஆனால் அதைப் பெரும்பாலோர் ஏற்க ஏறத்தாழ ஐம்பது ஆண்டு ஆனது. 1860-இல் கார்ல்ஸ்ரூ நகரில் வேதியியலாளர்கள் கூடியபோது கன்னிசாரோ அதை எடுத்து வாதாடினார், அங்கிருந்துதான் அணு நிறைகள் ஒரு நிலைக்கு வந்தன. நாம் ஒரு நொடியில் அட்டவணையைப் பார்த்து 16 என்று எழுதுகிறோமே, அந்த எண்ணுக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது. எனக்கு இதை நினைக்கும்போதெல்லாம் மரியாதை வரும்.

வினாக்குறி:

நாளை தேர்வு. கடைசியாக ஒன்று போட்டேன், பார்த்துச் சொல்லுங்கள். 10.0 கிராம் அலுமினியமும் 30.0 கிராம் இரும்பு ஆக்சைடும் வினைபுரிந்தால் எவ்வளவு இரும்பு கிடைக்கும், எது எவ்வளவு மிஞ்சும்? ஆக்சைடில் இரும்பு அணு 2, ஆக்சிஜன் அணு 3.

2 அலுமினியம் + 1 இரும்பு ஆக்சைடு → 2 இரும்பு + 1 அலுமினியம் ஆக்சைடு

அலுமினியம் 10.0 ÷ 26.98 = 0.37 மோல் அலுமினியம். இரும்பு ஆக்சைடு 30.0 ÷ 159.69 = 0.19 மோல் இரும்பு ஆக்சைடு. கெழுவால் வகுத்தால் 0.185-ம் 0.19-ம். சிறியது அலுமினியம், அதுதான் முதலில் தீர்கிறது. இரும்பு 0.37 × 55.85 = 20.66 கிராம். அலுமினியம் ஆக்சைடு 0.185 × 101.96 = 18.86 கிராம். மிஞ்சும் இரும்பு ஆக்சைடு 0.005 × 159.69 = 0.80 கிராம். கூட்டினால் 40.32. உள்ளே போட்டது 40.0 தான். 0.32 கிராம் அதிகமாக வருகிறதே? எல்லா இடத்திலும் பெயர் எழுதியிருக்கிறேன், கெழுவும் சரி. மூன்று தடவை பார்த்துவிட்டேன்.

நீலப்படிகம்:

வழி முழுக்கச் சரி. இது நடுவழியில் எண்ணைச் சுருக்கியதால் வந்தது. 0.37, 0.19 என்று இரண்டு இலக்கத்தில் வெட்டிவிட்டீர்கள். இந்தக் கணக்கில் இரண்டு பொருளும் கிட்டத்தட்ட ஒன்றாகத் தீர்கின்றன, மிச்சம் என்பது அருகருகே நிற்கும் இரண்டு எண்களின் வித்தியாசம். அப்படிப்பட்ட இடத்தில் வெட்டிய சின்னத் துண்டே மிச்சத்தைவிடப் பெரிதாகிவிடும். கால்குலேட்டரில் வருவதை நான்கைந்து இலக்கமாவது வைத்துக்கொண்டு போங்கள், கடைசியில் மட்டும் சுருக்குங்கள்.

(இந்த வினை பயங்கரச் சூட்டோடு நடக்கும், உருகிய இரும்பு வரும். தாளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.)

வினாக்குறி:

மறுபடி போட்டேன். அலுமினியம் 0.37064 மோல், பாதி 0.18532. இரும்பு ஆக்சைடு 0.18786 மோல். மிச்சம் 0.00254 மோல் இரும்பு ஆக்சைடு, அது 0.41 கிராம். முன்னால் எழுதிய 0.80-இல் பாதிதான்! இரும்பு 20.70 கிராம், அலுமினியம் ஆக்சைடு 18.90 கிராம். கூட்டினால் 40.01.

பழைய தராசு:

அந்த 0.01 கடைசியில் சுருக்கியதால் வந்தது, அதை விட்டுவிடலாம். போய்த் தூங்குங்கள் தம்பி.

வினாக்குறி:

தங்கை என்று சொல்லுங்கள் சார். தூங்கப் போகிறேன், எல்லாருக்கும் நன்றி.